நான்காம் படுக்கை சிரிக்கக் கூடாது

‘நான்காம் படுக்கை: நேற்று வயிற்றில் அறுவை சிகிச்சை. சிரிக்கவோ இருமவோ விடக்கூடாது. தையல் பிரிந்துவிடும்.’

பணிக்குறிப்பேட்டில் சிவப்பு மையில் இருந்ததைப் புது நர்ஸ் படித்து முடிப்பதற்குள் வார்டே அதிர்ந்தது. வெடிச்சிரிப்பு!

 குறிப்பேட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

சுவர் டிவியில் ஒரு பழைய கௌபாய் நகைச்சுவைப் படம். ஊரையே நடுங்க வைக்கும் கொள்ளைக்காரனுக்குக் குதிரை ஏறத் தெரியவில்லை. கக்கத்தில் ஒரு முக்காலியை இடுக்கிக்கொண்டே கொள்ளையடிக்கிறான். நான்காம் படுக்கையில் ஒரு கணக்கு வாத்தியார், போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, உதடு துடிக்கக் கிடந்தார்.

“சார், சிரிக்கக் கூடாது! பெரிய டாக்டர் உத்தரவு!”

வாத்தியார் மிரண்டுபோனார். “அப்படியா? என்கிட்ட யாருமே சொல்லலையேம்மா.”

“நான் சொல்றேன்ல சார்.”

டிவியை நிறுத்தப்போனால் ரிமோட்டைக் காணோம். எக்கி நின்றும் சத்தத்தைக் குறைக்கும் பொத்தான்தான் எட்டியது; அதை அமுக்கிச் சத்தத்தை அடியோடு குறைத்தாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது. சத்தமில்லாமல் பார்த்தால் அந்தக் கொள்ளைக்காரனின் மூஞ்சி இன்னும் மோசம். வாத்தியாரின் மீசை ஆடியது.

படுக்கையைச் சுற்றித் திரையை இழுத்து மூடினாள்.

“வாத்தியாரே, தெரியலையா? கவலைய விடுங்க, நான் சொல்றேன்,” என்றது ஐந்தாம் படுக்கை. ஒரு பஸ் டிரைவர் அது. “பதினேழு தடவை பார்த்த படம். இப்போ போலீஸ்காரன் வர்றான். திருடனைப் புடிக்கலை. முக்காலி ஆடுதேன்னு அதைப் புடிச்சுக்கறான்!”

திரைக்குள்ளிருந்து ‘க்ளுக்’ என்று ஒரு சத்தம். நர்ஸ் ஐந்தாம் படுக்கையிடம் ஓடினாள்.

“அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். வாயை மூடுங்க!”

“ஏம்மா, அந்தப் படத்துல ஒவ்வொருத்தனும் பெரிய வீரன் மாதிரி மார்பை நிமித்திக்கிட்டு வர்றான். உள்ளுக்குள்ள அத்தனை பேருக்கும் உதறல். நம்மளை மாதிரியே. அதான் எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்கலை.”

அவள் டிவியின் வயரைப் பிடுங்கி எறிந்தாள். வார்டில் ஒரே கூச்சல்.

“விடுங்கப்பா, கிளைமாக்ஸ் நம்ம கைவசம்,” என்றார் டிரைவர். தலையணையை வயிற்றோடு கட்டிக்கொண்டு, படுத்தபடியே குதிரையானார், கொள்ளைக்காரனானார், கடைசியில் முக்காலியுமானார். அசல் படம் இதன் கால்தூசிக்கு வராது. “ஐயோ, வயிறு போச்சே!” என்று அவரே கண்ணீர் வழியச் சிரித்தார்.

நர்ஸ் திரையை விலக்கிக்கொண்டு பாய்ந்தாள். “சார், பதினாறாம் வாய்ப்பாடு சொல்லுங்க! சத்தமா!”

“ஓர் பதினாறு பதினாறு... ஈர் பதினாறு முப்பத்திரெண்டு...”

“மூணு தடவை ஏறிட்டான்!” என்றது ஐந்தாம் படுக்கை. “மூணு தடவையும் அந்தப் பக்கமா விழுந்துட்டான்!”

“மூ... மூ...” வாத்தியாரின் முகம் தக்காளியாகச் சிவந்தது. கன்னம் உப்பியது.

தையல் போச்சு, வேலையும் போச்சு! வேறு வழி தோன்றாமல் நர்ஸ் இரண்டு கைகளாலும் அவர் வயிற்றை இறுக்கி அமுக்கினாள். வாத்தியாருக்கு உடம்பெல்லாம் கூச்சம் என்பது அப்போதுதான் தெரிந்தது. கட்டில் குலுங்க, கண்ணாடி எகிறிப் பறக்க, மனிதர் வீறிட்டுச் சிரித்தார்.

“தையல்! தையல்! யாராவது டாக்டரைக் கூப்பிடுங்களேன்!” என்று அலறினாள் நர்ஸ்.

துடைப்பமும் கையுமாக ஓடிவந்த வார்டு ஆயா திகைத்து நின்றாள்.

“என்னம்மா இது அநியாயம்? நாளைக்கு ஆபரேஷன் ஆகப்போற மனுஷனைப் போட்டு அமுக்குறீங்க! காத்து வரலைன்னு இவர் சொன்னாரேன்னு காலையிலதான் ரெண்டு பேரையும் நான் படுக்கை மாத்திப் போட்டேன். தையல் போட்ட ஆளு, அதோ படம் ஓட்டிக்கிட்டு இருக்காரே டிரைவர், அவருதான்!”