ஒரே வீட்டில் இரண்டு முடிவு

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

லாபு பக்கத்துத் தோட்டமொன்றில் மண்டோராக ஆள்களை விரட்டி வேலை வாங்கி ஓய்வு பெற்ற சன்னாசி வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் அச்சகத்தாரும் நலமாயிருப்பீர்கள். நாங்களும் நலமாகத்தான் இருந்தோம், தங்கள் ஞாயிறு மலர் வந்து சேரும்வரை.

அதில், 'உங்கள் முடிவை நீங்களே எடுங்கள், எடுத்தபின் வருந்தாதீர்கள்' என்று கட்டுரை போட்டிருந்தீர்கள். ஐயா, நான் சொந்தமாக முடிவெடுத்துப் பழகியவன் இல்லை. வேலையில் மானேஜர் எடுத்தார், வீட்டில் என் மனைவி தாயம்மா எடுத்தாள். சட்டை என்ன நிறம் என்பதே எனக்குப் போட்டுக்கொண்ட பிறகுதான் தெரியும். படித்ததும் உடம்பில் ஒரு முறுக்கு ஏறிவிட்டது. தோட்ட நிர்வாகம் தந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்த நேரம். நீலாயில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் மகன் சசிதரன் எங்களைக் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தான், தாயம்மா பிடிகொடுக்கவில்லை. நானே போனைப் போட்டு "வர்றோம்டா" என்று சொல்லிவிட்டேன். மாடியில் ஆடு வளர்க்க முடியாதே என்று, அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, அவள் பிள்ளைபோல் வளர்த்த ஆடுகளையெல்லாம் கோலா சாவா ஆட்டு வியாபாரி மணியத்தின் லோரியில் ஏற்றி விற்றும்விட்டேன்.

தாயம்மா திரும்பி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏங்க, கோயிலுக்குப் போகல. நானே முடிவு பண்ணி புக்கிட் பெலண்டோக்குல வாடகைக்கு வீடு பேசிட்டேன். பின்னால பெரிய காலி இடம்லா, நம்ம ஆட்டுக்குன்னே விட்ட மாதிரி!"

தங்கள் மலரை எனக்கு முன்பே அவள் படித்திருக்கிறாள் ஐயா.

"ஆடெல்லாம் எங்க?" என்றாள். "வித்துட்டேன்" என்றேன். "யாரக் கேட்டு?" "நீ யாரக் கேட்டு வீடு பாத்த?" அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து சோறு போடுகிறாள், பேச்சில்லை. எனக்கு உட்கார்ந்தால் எழவேண்டும்போல் இருக்கிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மணியத்திடம் ஓடினேன். "பாதி ஆட்டக் கைமாத்தி விட்டுட்டேன்லா, மண்டோரண்ணே. வித்தத எப்படித் திருப்பிக் கேப்பீங்க?" என்றான். வரும் வழியில் டயர் பஞ்சர், அதற்கு மேல் மழை, செம்பனைக் காட்டு வழியே தள்ளிக்கொண்டு வீடு சேர்ந்தால் சசிதரன் போன் அடிக்கிறான்: "அப்பா, ஒங்க ரூமுக்குப் புது மெத்த வாங்கிட்டேன், எப்ப வர்றீங்க?" லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

இப்போது ஆடில்லாத கொல்லை ஒருபக்கம், ஆளில்லாத மெத்தை ஒருபக்கம். 'மணமானவர்கள் சேர்ந்து படிக்கவும்' என்று ஒரு வரி போட்டிருக்கக் கூடாதா? அடுத்த மலரில் தாங்கள் வருத்தம் தெரிவித்தே ஆகவேண்டும்.

தங்கள் குடும்பத்தில் யாரும் தனியாக முடிவெடுக்காமல் சுகமாக வாழ மாரியம்மனை வேண்டிக்கொள்ளும்,
சன்னாசி

பி.கு.: இதைத் தபாலில் போடப் புறப்பட்டபோது சசிதரனே சாமான் ஏற்றக் காரோடு வந்துவிட்டான். தாயம்மா என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "நாங்க புக்கிட் பெலண்டோக் போறோம்டா. அம்மா பாத்த வீடு" என்றேன். "யோசிச்சுத்தான் சொல்றீங்களாப்பா?" "யோசிக்கல. ஆனா மாத்த மாட்டேன்." அவன் முகம் வாடியது, ஆனாலும் மூட்டைகளைத் தூக்கி அந்த வீட்டுக்கே கொண்டுபோய் இறக்கினான். நேற்று தாயம்மா பேசிவிட்டாள். "ரெண்டு குட்டி பாத்து வச்சிருக்கேன். வாங்கவா?" என்று கேட்டாள். ஐயா, என்னைக் கேட்டாள்! ஆகவே மேலே உள்ள எதையும் தயவுசெய்து அச்சில் போடவேண்டாம்.