கொமுட்டரில் ஏறாத கொசு

எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் ஒரு கொசு பிள்ளைகுட்டி பெற்று நிம்மதியாகக் குடும்பம் நடத்த முடியாமல் போனதென்றால், அதற்கு ஒரே ஒரு பெண்மணிதான் காரணம். அவருடைய உண்மையான பெயர் எங்கள் அடுக்குமாடியில் யாருக்கும் தெரியாது. மலாய் மொழியில் கொசுப்புழுவுக்கு ஜெந்திக்-ஜெந்திக் என்று பெயர். அதைச் சுருக்கி அவருக்கு வைத்துவிட்டோம்: ஜெந்திக் அக்கா.

அக்கா கீழ்த்தளத்தில் அழகு நிலையம் நடத்தினார். புருவம் திருத்துவது பிழைப்பு. புழு தேடுவதுதான் உயிர்மூச்சு. நான் குடிவந்த அன்று, லோரியிலிருந்து சாமான்களை இறக்கும்போதே ஒரு கையில் டார்ச்லைட்டும் இன்னொரு கையில் குழிக்கரண்டியுமாக வந்து நின்றார். வரவேற்க வந்திருக்கிறார் என்று நினைத்துக் கும்பிட்டேன். அவர் என்னைத் தாண்டிப் போய், ஐஸ் பெட்டிக்கு, அதாவது ஃபிரிட்ஜுக்குப் பின்னால் குனிந்து, தண்ணீர்த் தட்டை உருவி, கரண்டியால் துழாவிப் பார்த்தார்.

"சுத்தமா இருக்கு. இப்ப நீங்க உள்ள போலாம் தம்பி."

வாடகை கொடுத்தது நான். அனுமதி கொடுத்தது அவர்.

அவருடைய விசாரணை முறையே தனி. நூலை முறுக்கிப் புருவ முடியைப் பிடுங்கும்போது எந்தப் பெண்ணாலும் அசைய முடியாது. பொய் சொல்லவும் தோன்றாது. பூச்சட்டி உண்டா, அடியில் தட்டு உண்டா, பால்கனியில் பழைய வாளி கிடக்கிறதா என்று அந்த நேரம் பார்த்துத்தான் கேட்பார். ஒருமுறை மாலதி என்ற பக்கத்து வீட்டுப் பெண், வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். அக்கா நூலைப் போட்டுவிட்டு மாடியேறிவிட்டார். காய்ச்சல்காரரைக் கொசு கடிக்கவே கூடாது என்று அவர் கட்டிலைச் சுற்றி வலை கட்டினார். ஒரு புருவம் ஒழுங்காகவும் மறு புருவம் காடாகவும் மாலதி வாசலில் நின்று, டாக்டரே இன்னும் டிங்கி என்கிற டெங்குக் காய்ச்சல் என்று சொல்லவில்லை என்று மன்றாடினார். கடைசியில் அது வெறும் சளிக்காய்ச்சல் என்று தெரிந்தது. அப்படியும் வலையை அவிழ்க்க அக்கா சம்மதிக்கவில்லை. அந்த மனிதர் பல நாள் வலைக்குள் உட்கார்ந்தே தோசை சாப்பிட்டார்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் டிங்கி நிஜமாகவே வந்தது. முதலில் ஐந்தாம் மாடியில் ஒருவர் படுத்தார். அடுத்து அவருடைய பக்கத்து வீடு, அதற்கடுத்துக் கீழ்வீடு. நாங்கள் எல்லோரும் எதிரே கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தைக் கைகாட்டினோம். புகையடிக்கும் ஆட்கள் வந்துபோனதும் இருமிக்கொண்டே நிம்மதியானோம். பறக்கிற கொசுதான் புகைக்குச் சாகும், தண்ணீரில் இருக்கும் அதன் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது என்று அக்கா மட்டும் வீடு வீடாகப் புலம்பினார். குடியிருப்போர் கூட்டத்தில் மறுபடியும் எதிர்க்கட்டடத்துக் கொசுவை எல்லோரும் திட்டியபோது, அவர் எழுந்து நின்றார்.

"கொசு பாவம்லா. நம்மளக் கடிச்சுத்தான் அதுக்கே நோய் வருது. அது ரொம்ப தூரம் பறக்காது, கொமுட்டர் ரயில்லயும் ஏறாது. நாமதான் காய்ச்சலோட ஏறி வரோம்."

அப்போதுதான் அந்த ஐந்தாம் மாடிக்காரர் தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டார். பண்டமாரான் என்ற வேறு ஊரில் உறவினர் வீட்டில் சில நாள் தங்கியிருந்தாராம். உடம்பு கொதிக்கக் கொதிக்கக் கொமுட்டர் ரயிலில் திரும்பினாராம். எல்லோரும் அவரை முறைத்தோம். அக்கா அதற்கும் விடவில்லை. காய்ச்சலோடு வீடு திரும்புவது குற்றமில்லை. இங்கே அவரைக் கடித்த கொசுவை வளர்த்தது யார் என்பதுதான் கேள்வி என்றார்.

விடையையும் அவரே கண்டுபிடித்தார். அழகு நிலையத்தின் பின்பக்கம், ஏர்கான் தண்ணீர் சொட்டுவதற்காக வைத்திருந்த பழைய பிஸ்கட் டின்னில் புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. வேறு யாராக இருந்தாலும் சத்தமில்லாமல் கவிழ்த்துவிட்டுப் போயிருப்பார்கள். அக்கா அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். "என் கடைதான். எல்லாரும் மன்னிச்சிருங்க" என்று கீழே எழுதியிருந்தார். அன்றே கடையை மூடிவிட்டு, காய்ச்சல்காரர் வீடுகளுக்குக் கஞ்சி சுமக்கத் தொடங்கினார்.

அடுத்துப் படுத்தவன் நான். தனிக்கட்டை. நாலைந்து நாள் கொதித்த உடம்பு ஒரு காலையில் குளிர்ந்தது. பிழைத்துவிட்டேன் என்று டை கட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினேன். படிக்கட்டில் கஞ்சித் தூக்கோடு அக்கா மறித்தார். வயிறு வலிக்கிறதா என்று கேட்டார். கொஞ்சம் என்றேன்.

"காய்ச்சல் விட்டப்புறம்தான் தம்பி ஆபத்து. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

முக்கியமான மீட்டிங் இருப்பதைச் சொன்னேன். அவர் டையைப் பிடித்து மாட்டை இழுப்பதுபோல் டாக்சி வரைக்கும் கூட்டிப்போனார். ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பரிசோதித்த டாக்டர், உடனே படுக்கச் சொன்னார். மீட்டிங்குக்குப் போயிருந்தால் அங்கேயே சுருண்டு விழுந்திருப்பேன் என்று அவர் அக்காவிடம்தான் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை.

பிற்பகலில், கையில் டிரிப் ஏற, கொசுவலைக்குள் படுத்திருந்தேன். வலைக்கு வெளியே, நாற்காலியில் உட்கார்ந்தபடியே அக்கா தூங்கிப்போயிருந்தார். ஜன்னல் வழியாக வந்த ஒரு கொசு அவருடைய முழங்கையில் உட்கார்ந்தது. அடித்தால் விழித்துக்கொள்வார். வலைக்குள் இருந்தபடியே, ஊசி குத்தாத கையில் பத்திரிகையை எடுத்து, அவர் தானாக எழும்வரை விசிறிக்கொண்டே இருந்தேன்.