உறிஞ்சும் சாமிக்கு ஒரு சொம்பு தண்ணீர்

பஞ்சாட்சர சாமி உத்திரமேரூர் ஏரிக்கரையில் வந்து இறங்கிய நாள்முதல் ஊரில் ஒருவருக்கும் வியாதியே கிடையாது. எல்லாம் இடுமருந்துதான். வேண்டாதவர் சோற்றில் கலந்து வைத்த மருந்து வயிற்றில் உருண்டையாய்த் தங்கிவிடுமாம். சாமி தொப்புளில் வாய் வைத்து உறிஞ்சுவார். மயிரும் புளியுமாக ஒரு கறுப்பு உருண்டையைத் தட்டில் துப்புவார். பல்வலிக்காரனுக்கும் உருண்டை, பரீட்சையில் கோட்டடித்தவனுக்கும் உருண்டை. செவ்வாய்க்கிழமை செங்கல்பட்டு பஸ்ஸில் நிற்க இடமில்லை.

சடையப்பன் தன் மனைவி செல்லம்மாளைக் கூட்டிவந்தான். அவளுக்குச் சிறுநீரில் இரத்தம். கால்மணிக்கொரு தரம் ஓடுவாள். எரிச்சலோடு நாலு சொட்டு வரும். காஞ்சிபுரத்து டாக்டர், கருப்பைவாய்ப் புற்றுநோய் சிறுநீர்ப்பைக்கும் பரவிவிட்டது, நிறையத் தண்ணீர் குடி, உடனே வந்து சேர் என்றிருந்தார். சாமியோ, இது ஓரகத்தி எல்லம்மாள் வைத்த மருந்து என்றார். ஒன்பது நாள் வேளைக்கு ஒரு கரண்டி கஞ்சி மட்டும், தண்ணீர் கூடாது, குடித்தால் மருந்து வேர்விடும் என்றார். டாக்டர் பேச்சைக் கேட்க ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். சாமி பேச்சைக் கேட்க எல்லம்மாளை வெறுத்தால் போதும். சடையப்பன் சுலபமானதைச் செய்தான்.

ஒன்பதாம் நாள் இரத்தம் கட்டியாகி அடைத்துக்கொண்டது. காலையிலிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை, அடிவயிறு உப்பிவிட்டது. அவளைச் சாமி முன் கிடத்தினார்கள். சாமி குனிந்தபோது அவர் இடது கன்னம் புடைத்திருந்ததை அவள் பார்த்தாள். சாமி வெற்றிலை போடாதவர்.

“கொஞ்சம் இருங்க சாமி. ஒம்போது நாளா என்னைத் தண்ணி இல்லாம வச்சிக்கினு கீறீங்க. நீங்க ஒரு வாய் தண்ணி கொப்புளிச்சிட்டு அப்பால உறிஞ்சுங்க.”

ஓயாமல் பேசுகிற சாமி வேண்டாமென்று தலையை மட்டும் ஆட்டினார். கூட்டத்திலிருந்து எல்லம்மாள் சொம்போடு வந்தாள்.

“எம்மேல பழி போட்ட வாய் சுத்தமா கீதான்னு பாக்கலாம், ஊத்திக்கோங்க.”

வேறு வழியில்லாமல் சாமி ஒரு மிடறு வாயில் விட்டுக்கொண்டார். புரையேறியது. இருமிய இருமலில் கறுப்பு உருண்டை சொம்புக்குள் விழுந்தது. செல்லம்மாள் வயிற்று மருந்து, அவளைத் தொடுமுன்பே உங்கள் வாய்க்கு எப்படி வந்தது என்று கேட்கலாமென்றால், சாமி அதற்குள் பாதி ஏரிக்கரையைக் கடந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் குழாய் போட்டு, கட்டிகளைக் கழுவி எடுத்தார்கள். அரைப்படி சிறுநீர் இறங்கியது. செல்லம்மாள் நிம்மதியில் அழுதாள். நோயை வேரோடு எடுக்க முடியாது, இரத்தத்தையும் வலியையும் அடக்கலாம், முன்பே வந்திருந்தால் இந்தப் பாடு இல்லை என்றார் டாக்டர். எல்லம்மாள் பக்கத்தில் இருந்து மணிக்கொரு தரம் தண்ணீர் கொடுத்தாள். சடையப்பன் எல்லம்மாள் முகத்தைப் பார்க்காமல் வெளியே நின்றான்.

ஊரில் என்ன பேச்சு தெரியுமா? பாவம், சாமிக்கே எவனோ மருந்து வைத்துவிட்டானாம்! அடுத்த செவ்வாயும் பஸ் நிறைய ஆள் வந்து இறங்கி, சாமி எங்கே என்று தேடினார்கள்.

ஐயா, அவர் வாயில் இருந்த உருண்டையை உங்கள் வயிற்றில் தேடியது போதும். அதைக் கண்டுபிடிக்க ஒரு சொம்பு தண்ணீர்தான் செலவு. கொப்புளியுங்கள் சாமி என்று கேட்க, உங்களுக்கும் உயிர் போகிற வலி வர வேண்டுமா?