நிதானம் குடித்த எண்ணெய்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கு நீங்களும் எங்கள் மகள் பாப்பாவும் அதேபோல் இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். பாப்பா பக்கத்தில் இருந்து கேட்டால் முதலில் சிரிப்பாள், பிறகு அழுவாள். ஆகவே கடிதம். உட்கார்ந்து படிக்கவும்.

விஷயம் உங்கள் காரைப் பற்றியது. கார் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருஷம் காத்திருந்து வாங்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். வீட்டுக்கு வந்த வாரமே உங்களுக்கு வெளிநாட்டு வேலை வந்துவிட, "புது எஞ்சின் மாமா, ஆறு மாசம் சும்மா நிக்கக் கூடாது, பதமா ஓட்டிப் பழக்குங்க, உங்களைவிட நிதானமான டிரைவர் எனக்குத் தெரியாது" என்று சாவியை என் கையில் கொடுத்தீர்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முப்பது வருஷம் அமரர் ஊர்தி ஓட்டியவன் நான், ஏறியவர் ஒருவராவது வண்டி குலுங்கியது என்று குறை சொன்னதுண்டா? அதே கையால், அதே காலால் உங்கள் காரையும் ஓட்டினேன். இருபத்தைந்து கிலோமீட்டர் வேகம், ஏறாது, இறங்காது, தினமும் ஊரைச் சுற்றி ஒரு வட்டம்.

ஆனால் மாப்பிள்ளை, அது காரா? உட்காருவதற்கு இறங்க வேண்டியிருக்கிறது, இறங்குவதற்கு ஏற வேண்டியிருக்கிறது. ஸ்டார்ட் செய்ததும் முதுகுத்தண்டு வழியாக ஒரு உறுமல் ஏறி வந்தது பாருங்கள், நான் உடனே எஞ்சினை நிறுத்திவிட்டேன். என் பழைய வண்டி வந்தால் ஜனங்கள் தலையைக் குனிந்து ஒதுங்குவார்கள். இதற்கும் ஒதுங்குகிறார்கள், ஆனால் தலை நிமிர்கிறது, வாய் பிளக்கிறது. பூக்கடைக்காரர் மட்டும் ஸ்டியரிங்கில் என் முகத்தைக் கண்டதும் பழக்கதோஷத்தில் எழுந்து நின்று, "யாரு?" என்று துக்கமாகக் கேட்டார். பக்கத்து சீட்டில் உங்கள் அத்தை உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்த பிறகும் கேட்டார். அன்று முழுக்க அவளுக்கு மனசே சரியில்லை, ஏனென்றால் முப்பது வருஷத்தில் நான் ஓட்டும் வண்டியில் அவள் ஏறியது அதுதான் முதல் தடவை. பழைய வண்டியில் ஏறச் சொல்ல முடியுமா சொல்லுங்கள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் மீட்டர் பக்கம் மஞ்சள் விளக்கு எரிந்தது. எஞ்சின் ஆயில் குறைவாம். ஊற்றினேன். பத்து நாளில் மறுபடி எரிந்தது, மறுபடி ஊற்றினேன். ஒழுகுகிறதோ என்று அடியில் செய்தித்தாள் விரித்துப் பார்த்தால் ஒரு சொட்டு இல்லை. உள்ளே போவது தெரிகிறது, வெளியே போகும் வழி தெரியவில்லை. ராத்திரி யாராவது வந்து உறிஞ்சிட்டுப் போறாங்களா என்று அத்தை கேட்டாள். அப்புறம் பின்னாலிருந்து நீலமாகப் புகை வர ஆரம்பித்தது, பக்கத்து வீட்டம்மா காயப்போட்ட வெள்ளைத் துணியோடு சண்டைக்கு வந்தார், நான் என் நிதானத்தையே கூட்டி வேகத்தை இருபதாகக் குறைத்தேன், புகை இன்னும் கூடிப்போச்சு. உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று சோறே இறங்கவில்லை.

கடைசியில் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அதை நடத்தும் பெண் எல்லாம் பார்த்துவிட்டு, இதற்கு முன்னால் என்ன வண்டி ஓட்டினீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். காருக்குப் பின்னால் போய் நின்று சிரித்துவிட்டு வந்தாள். புது எஞ்சினில் பிஸ்டனைச் சுற்றி வளையம் இருக்குமாம், அது சிலிண்டர் சுவரோடு உரசிப் படிய வேண்டுமாம், படிய அழுத்தம் வேண்டுமாம். ஒரே வேகத்தில் உருட்டினால் வளையம் படியாது, இடுக்கு வழியாக எண்ணெய் மேலே ஏறி எரிந்துபோகும். "புதுச் செருப்பை வாசல்ல வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா காலுக்குப் படியுமா? நடக்கணும்ல" என்றாள். மேட்டில் ஆக்சிலேட்டரைப் பாதிக்கு மேல் அழுத்து, இறக்கத்தில் காலை எடு, மறுபடி அழுத்து, ஒரு வாரம் இப்படிச் செய், தேறாவிட்டால் எஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான் என்றாள். அன்பாக நடத்தினால் நோயில் விழுந்து, விரட்டினால் தேறும் பிறவியை இந்த வயசில்தான் பார்க்கிறேன்.

நானும் உங்கள் அத்தையும் குவாரி மேட்டுக்குப் போனோம். கால் அழுத்த மாட்டேன் என்கிறது. என் தொழிலில் சேருமிடத்துக்குச் சீக்கிரம் போகச் சொல்லி யாரும் அவசரப்படுத்தியதில்லை. உங்கள் அத்தை பெல்ட்டை இறுக்கிக்கொண்டு சொன்னாள்:

"இங்க பாருங்க, நான் உயிரோடதான் இருக்கேன். அழுத்துங்க."

அழுத்தினேன் மாப்பிள்ளை. என்னத்தைச் சொல்ல. மேடு காணாமப் போச்சு. வயிறு பின் சீட்டுக்குப் போச்சு, பின் சீட்டே இல்லாத கார்ல. உச்சியில் நிறுத்தினதும் எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. இவ்வளவு பெரிய சக்தி என் கால் கட்டைவிரலுக்கு அடியில் இத்தனை நாளா சும்மா படுத்திருந்திருக்கு. ஒரு வாரம் ஏறி இறங்கினோம். புகை நின்றது, விளக்கு எரியவில்லை, பக்கத்து வீட்டம்மாவும் பேசுகிறார்.

ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. காரை உறை போட்டு மூடிவிட்டேன். சாவி அத்தையின் அலமாரியில் பூட்டி இருக்கிறது. நீங்கள் வரும்வரை ஒர்க்‌ஷாப் பெண் வாரம் ஒருமுறை வந்து ஓட்டுவாள். நான் இனி அதைத் தொடமாட்டேன், இது சத்தியம். என் வேகம் எனக்கு, உங்கள் கார் உங்களுக்கு.

குறையாத ஆயுளும் தேயாத டயரும் உங்கள் இருவருக்கும் வாய்க்க வாழ்த்தும்,
மாமா.

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடக் கிளம்பினேன். நடக்கிற தூரம்தான். எஞ்சின் சும்மா நின்றால் நல்லதில்லை என்று மாப்பிள்ளையே சொன்னாரே என்று அத்தை சாவியோடு வாசலில் நின்றாள். தபால்பெட்டி வந்தது, போனது. இப்போது எந்த ஊரில் இருக்கிறோம் என்று தெரியவில்லை, எதிரே கடல் தெரிகிறது. மேலே சத்தியம் என்று எழுதிய வரியை மட்டும் அடித்துவிட்டுப் படிக்கவும். உங்கள் வேலையை இன்னும் ஒரு மாதம் நீட்டிக்க முடியுமா என்றும் விசாரிக்கவும். இருட்டப்போகிறது, திரும்பலாமா என்று இப்போதுதான் கேட்டேன். உங்கள் அத்தை மீட்டரை எட்டிப் பார்த்துவிட்டு, "எண்ணெய்தான் குறையலையே" என்கிறாள்.