சங்கிலி சார் அளந்த நாலடி

கொக்குக்கு வடக்குத் திசை குறித்துப் படம் வரைந்த மனிதர் உலகத்திலேயே எங்கள் சங்கிலி சார் ஒருவர்தான். ஓய்வு பெற்ற சர்வேயர். தாலுகா முழுக்க டேப்புக்கு மாறிய பிறகும் பழைய இரும்புச் சங்கிலியை இழுத்துக்கொண்டு போய் நிலம் அளந்ததால் வந்த பெயர்.

திருவாரூருக்குப் பக்கத்தில் என் வயலை ஒட்டி அவருக்கு ஒரு மா, அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு நிலம் இருந்தது. ஓய்வு பெற்ற கையோடு அதில் குட்டை வெட்டி, கோரையையும் தாழையையும் மண்டவிட்டு, பறவைகளுக்கென்று ஒதுக்கிவிட்டார். அடங்கல் பதிவேட்டில் என்ன பயிர் என்று எழுதுவது என வி.ஏ.ஓ. கேட்டதற்கு, கானாங்கோழி என்று எழுதச் சொன்னார். வி.ஏ.ஓ. தரிசு என்று எழுதிவிட்டுப் போனார். அன்றோடு அவரிடம் பேசுவதை சார் நிறுத்திவிட்டார்.

ஆடி பிறந்து பறவைகள் கூடு கட்ட ஆரம்பித்தால், சார் குடையும் நோட்டுமாகக் குட்டைக்கரையில் உட்கார்ந்து கூடுகளைப் படம் போடுவார். படம் என்றால் சாதாரணப் படம் இல்லை, நிலத்துக்கு சர்வேயர்கள் போடுகிற புலப்படம். நாலு பக்கமும் அளவு, மூலையில் அம்புக்குறி, கீழே தேதியோடு கையெழுத்து. தூக்கணாங்குருவிக்கு வடக்கு எதற்கு சார் என்று ஒருநாள் கேட்டேன்.

"வாசல் எந்தப் பக்கம்னு நாளைக்குத் தகராறு வந்தா என்ன பண்றது?" என்றார். சிரிக்கவில்லை.

அளவு விஷயத்தில் மனிதர் நெருப்பு. சொந்த மச்சான் கட்டிய சுவர் முக்கால் அடி புறம்போக்கில் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்து இடிக்க வைத்தவர். அப்புறம் மச்சான் வீட்டில் அவருக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது.

ஒரு குறுவை அறுவடை. வானம் கருத்துக்கொண்டிருந்தது. நாலு நாள் கெஞ்சியதில் மிஷின் வந்து வரப்போரம் நின்றது. அப்போது பார்த்து சார் ஓடி வந்தார். என் நெல்லுக்குள் கானாங்கோழி ஆறு முட்டையோடு அடைகாக்கிறதாம், அந்த ஓரத்தை மட்டும் விட்டுவிட முடியுமா என்றார். மழையில் சாய்ந்தால் நெல் முளைத்துப் போகும், நான் என்ன கோழிக்கா விவசாயம் பண்ணுகிறேன் என்று எரிந்து விழுந்தேன்.

சார் விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்ச் சங்கிலியோடு வந்தார். மிஷின் டிரைவரை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி அளந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "எல்லைக்கல் தப்பா நட்டிருக்கு. நாலடி எனக்குச் சேரணும்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் போலீஸ் ஸ்டேஷன் வரை போயிருப்பேன். மச்சான் சுவரையே இடித்தவர் சொல்கிறாரே என்று நாலடியை விட்டு மீதியை அறுத்தேன். கல்லையும் நகர்த்தி நட்டோம்.

பதினைந்து நாள் கழித்து சார் என் வீட்டு வாசலில் நின்றார். ஆறு குஞ்சுகளும் கரி உருண்டை மாதிரி தாயின் பின்னால் குட்டையில் இறங்கிவிட்டனவாம். சொல்லிவிட்டு ஒரு தாளை நீட்டினார். புலப்படம்தான். அதில் கல் பழைய இடத்தில் இருந்தது. கூடு என் நிலத்துக்குள் இருந்தது. கீழே அவர் கையெழுத்து.

"அன்னைக்கு நான் சொன்னது பொய், தம்பி. சர்வீஸ்ல ஒரு அங்குலம் கூட்டிக் குறைச்சதில்ல. இதத் தாலுகா ஆபீஸ்ல குடுத்தாலும் குடுங்க" என்றார்.

ஆறு முட்டைக்காக ஆயுசு முழுக்கச் சேர்த்த பெயரை என் கையில் கொடுத்துவிட்டு நிற்கிறார். இவரைப் போய்க் கிறுக்கு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே என்று வெட்கமாகப் போயிற்று.

"கல்லு அங்கயே இருக்கட்டும் சார்" என்றேன்.

சார் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. அந்த நாலடியையும் சேர்த்து உழுதுவிடலாமே என்று டிராக்டர்காரர் இன்றும் கேட்கிறார். சார் அளந்தால் அளந்ததுதான் என்று சொல்லிவிடுகிறேன்.