படங்கு வீரன் துரையைச் சந்தித்த கதை

எங்கள் குடும்பத்தைக் கவிழ்த்த ஆளை வரைந்தவள் நான்தான். ஒப்புக்கொள்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இலங்கையில் நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீடு. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன் (சும்மா என்றால், சித்திரக்கதை வரைந்துகொண்டு). என் நாயகன் படங்கு வீரன். கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை முதுகில் கட்டிக்கொண்டு பறப்பான். எவ்வளவு வேகமாகப் பறந்தாலும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்திவிடுவான். அரை நாள் சம்பளம் போய்விடும். உடனே கட்டத்துக்கு வெளியே தலையை நீட்டி, படிப்பவரிடமே புலம்புவான்.

அப்போது தோட்ட ஆபீசில் ஒரு கிளாக்கர் வேலை காலியானது. அம்மாவுக்கு முழங்கால் வீங்கி மலையேற முடியவில்லை. எனக்கு அந்த வேலை கிடைத்தால் அவள் வீட்டில் இருக்கலாம். விண்ணப்பத்தைப் பழுப்பு உறையில் வைத்தேன். படங்கு வீரனும் அதே மாதிரி உறையில்தான் இருந்தான் (பெரிய ஓவியர் இல்லையா!). ஆபீசில் எந்த உறையைக் கொடுத்திருப்பேன் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வேலை கொடுப்பது தோட்டத்தை நடத்தும் துரை. அவருக்குத் தமிழ் வாசிக்க வராது. பெரிய கிளாக்கர்தான் வாசித்து ஆங்கிலத்தில் சொல்வார். யாழ்ப்பாணத்துக்காரர், சிரிக்காத மனிதர். நாங்கள் எழுதுவதில் பாதிதான் துரை காதுக்குப் போகிறது என்று லயத்தில் எல்லோருக்கும் சந்தேகம். நான் சும்மா விடுவேனா? முதல் பக்கத்திலேயே படங்கு வீரன் தலையை நீட்டியிருந்தான்: "படிப்பவரே, நீங்கள் துரையாக இருந்தால், இதை வாசித்துக் காட்டுபவரை நம்பாதீர்கள். பாதியை விழுங்கிவிடுவார்."

துரையின் மேசை முன்னால் என்னை நிறுத்திவிட்டு உறையைப் பிரித்த பெரிய கிளாக்கர், அதைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிள்ளை, நான் பாதியை விழுங்கிறனெண்டு இதில கிடக்கு. அப்ப இண்டைக்கு ஒண்டும் விடாமல் வாசிக்கிறன்."

வாசித்தார். பதினாறு பக்கமும். துரையின் நாய் பெரட்டு எடுக்கும் பக்கத்தை, துரை கேட்டதற்காக, இரண்டு தடவை வாசித்தார். நான் நின்ற இடத்திலேயே செத்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கம் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று துரை விசாரித்தார்.

"இன்னும் முடிக்கலைங்க" என்றேன்.

வேலை வேறொருவருக்குப் போனது.

அம்மாவிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மறுநாள் காலை படங்கை இடுப்பில் கட்டியவள், சுவரைப் பார்த்து நின்றாள்.

"படிக்கிறவங்களே, நா மலைக்குப் போறேங்க. எம் மக இன்னும் கதைய முடிக்கல."

அதன்பின் எட்டு வருஷம் ஏறினாள். இப்போது பதுளையில் என்னோடு இருக்கிறாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்போதெல்லாம் சுவரைப் பார்த்து அதையே சொல்வாள். என் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வர மட்டும் கொஞ்ச நேரமாகும்.