மோட்டார் அண்ணாச்சி பேசிய ஒரே வசனம்

சினிமாவில் வசனம் பேசிப் பெயர் வாங்கியவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். பேசிய வசனத்துக்காகத் தெருத்தெருவாக மன்னிப்புக் கேட்டுத் திரிந்தவர் எங்கள் அம்பாசமுத்திரத்து மோட்டார் அண்ணாச்சி ஒருவர்தான்.

தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்ப்பது அவர் தொழில். ஆற்றங்கரையில் ஒரு படப்பிடிப்பு நடந்தபோது, மழைக்காட்சிக்கு வைத்திருந்த மோட்டார் மண்ணை விழுங்கி நின்றுபோனது. சரிசெய்யப் போனவரின் மீசையைப் பார்த்த டைரக்டர், அவரையே ஒரு காட்சியில் உட்கார வைத்துவிட்டார். கதாநாயகன் மூச்சிரைக்க ஓடிவந்து, "அண்ணாச்சி, பஸ் வருமா?" என்று கேட்பான். இவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வந்தா என்ன, வராட்டா எனக்கென்னவே!" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அந்த அவ்வளவு வரவில்லை. யாராவது ஒன்றைக் கேட்டால் உதவாமல் இருக்க அண்ணாச்சிக்குத் தெரியாது. முதல் டேக்கில், "பாபநாசம் பஸ்ஸா? இப்ப வந்துரும், அந்தா நெழல்ல நில்லும்" என்றார். இரண்டாவதில், "அவசரம்னா என் வண்டியில கொண்டு விடட்டுமா?" என்றார். டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாராம். பசியிலும் வெயிலிலும் அலுத்துப்போய், பதினாறாவது டேக்கில் அது ஒருவழியாக வெளியே வந்தது. அந்த அலுப்புதான் ஜனங்களுக்குப் பிடித்துப்போனது.

படம் ஒரு வாரம் தாங்கவில்லை. வசனம் மட்டும் ஊரைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. கரண்ட் எப்போது வரும் என்று கேட்டால் இதுதான் பதில். மழை, சம்பளம், கேஸ் சிலிண்டர், எதைக் கேட்டாலும் இதுதான். நான் பள்ளிக்கூட வாத்தியார். "ஏலே, கணக்குல பாஸ் மார்க்காவது வருமா?" என்று ஒருவனைக் கேட்டால் மொத்த வகுப்பும் சேர்ந்து பதில் சொல்கிறது. முதல் மாதம் நானும் சிரித்தேன். பிறகு கேள்வி கேட்பதையே குறைத்துக்கொண்டேன். வீட்டில், "இன்னைக்குச் சீக்கிரம் வருவேன்" என்று சொல்வதையும் நிறுத்திவிட்டேன்.

அண்ணாச்சியின் பாடு இன்னும் மோசம். போகிறவன் வருகிறவன் எல்லாம் பைக்கை நிறுத்தி, செல்போனைத் தூக்கிப் பிடித்து, வசனத்தைச் சொல்லச் சொல்வான். இவர் மாட்டவே மாட்டார்.

"தொழில்காரன் சொல்லுத பேச்சாவே அது? மோட்டார் ஓடலன்னு ஒருத்தன் வந்து நிக்கான். எனக்கென்னன்னு சொன்னா வெளங்குமா? அன்னைக்கு அவங்க சொல்லச் சொன்னாங்க, சொல்லிட்டேன். மன்னிச்சிரும்."

அந்த மன்னிப்பையும் வீடியோ எடுத்துக்கொண்டு போவார்கள்.

இந்த லட்சணத்தில்தான் அவருடைய ஒரே மகளைப் பெண் பார்க்க வள்ளியூரிலிருந்து வந்தார்கள். அதற்கு முன் இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இந்தப் பையனை அவளுக்கும் பிடித்திருந்தது. அண்ணாச்சியின் மனைவி, எங்கள் மதினி, விடிந்ததிலிருந்து சாமி படத்துக்கு முன்னால்தான் நின்றார். பக்கத்து வீடு என்ற உரிமையில் நானும் போய் உட்கார்ந்திருந்தேன்.

கேசரி சாப்பிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் தாய்மாமன் ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, நாங்க நகையப் பத்தி ஒரு வார்த்த பேசல. ஒரே ஒரு ஆசதான். அந்த வசனத்த உங்க வாயால ஒரு தடவ கேக்கணும்."

பெண் பார்க்க வந்தவர்களின் முகத்துக்கு நேரே, வந்தா என்ன, வராட்டா எனக்கென்ன என்று எந்தத் தகப்பன் சொல்வான்? சொல்லாவிட்டால் தாய்மாமன் முறுக்கிக்கொள்வார். கதவோரம் நின்ற மதினி, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் கேசரியைப் பார்த்தேன்.

"சம்மந்தம் பேசுத எடத்துல அது வேண்டாமே" என்றார் அண்ணாச்சி.

"ஊரே சொல்லுது. நீங்க சொன்னா என்ன கொறஞ்சா போவும்?" தாய்மாமன் குரலில் சூடு ஏறிவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா தம்பியை அதட்டினார். "சும்மா கெடலே. நாலு நாளா வீட்டு மோட்டார் ஓடாம, கொடம் தூக்கித் தூக்கி எனக்கு இடுப்பு ஒடிஞ்சு போச்சு. ஒனக்கு வசனம் கேக்குதாக்கும்."

அண்ணாச்சி எழுந்துவிட்டார். "மோட்டார் சுத்துதா, சுத்தவே இல்லியா?"

"லேசா உறுமுது அண்ணாச்சி. பொறவு நின்னுருது."

அடுத்த நிமிடம் கருவிப் பை தோளுக்கு ஏறிவிட்டது. அப்போதுதான் மகள் காப்பித் தட்டோடு வெளியே வந்தாள்.

"எப்பா, எங்க போறிய?"

"வள்ளியூருக்கும்மா. நீ எல்லாருக்கும் காப்பி குடு. நான் வந்துருதேன்."

மதினி அழுதேவிட்டார். "இது என்ன மரியாத? கெளம்புங்க எல்லாரும்" என்று குதித்தார் தாய்மாமன். மாப்பிள்ளையின் அம்மா அசையவில்லை. மகனிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்தார்.

"காரை எடுத்துட்டுப் போய் அவங்களக் கூட்டிட்டுப் போ. பூட்டுன வீட்டுல எப்படி மோட்டார் பாப்பாங்க?"

இருந்த ஒரு காரும் போய்விட்டதால் தாய்மாமனால் கிளம்ப முடியவில்லை. கோபத்தோடு இன்னொரு தட்டு கேசரி வாங்கிச் சாப்பிட்டார். பொழுது சாயும் நேரம் மாப்பிள்ளை போனில் கூப்பிட்டான். "எம்மா, தண்ணி ஏறிட்டு."

அந்த அம்மாள் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டார். "பேசி முடிச்சிருவோம் மதினி. இப்படி ஒரு சம்மந்தி யாருக்குக் கெடைக்கும்?"

கல்யாணம் நன்றாகவே நடந்தது. மகள் வள்ளியூர் போன மறுநாள் காலை, தோளில் பையோடு அண்ணாச்சி என் வாசலில் வந்து நின்றார். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. வீட்டில் இருக்க முடியவில்லை போல.

"உம்ம வீட்டு மோட்டார் ஒழுங்கா ஓடுதாவே?"

முந்தின நாள்கூடத் தொட்டி நிறைந்து வழிந்திருந்தது.

"ஒரு மாதிரி சத்தம் வருது அண்ணாச்சி. வந்து பாருங்க" என்றேன்.

அன்று பள்ளிக்கூடத்துக்கு லீவு சொன்னேன். ஒரு குறையும் இல்லாத அந்த மோட்டாரை அவர் மத்தியானம் வரை பிரித்துப் பிரித்துப் பார்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.